இதயம் நலமாக இருந்தும் நெஞ்சு படபடக்கும்போது: எதை முதலில் செய்வது, எதை நிறுத்துவது

இ.சி.ஜி.யும் எக்கோ எனப்படும் இதய ஸ்கேனும் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன பிறகும் நெஞ்சுப் படபடப்பு நிற்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தத் தொல்லையோடு ஆறு ஆண்டுகள் இருந்து வெளியே வந்தவன். அதன் பிறகு உறவிலும் வேலையிடத்திலும் இதே நிலைக்கு ஆளான பலருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய் வந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இடறியது வரிசையில்தான். பரிசோதனை முடியும் முன்பே மூச்சுப்பயிற்சியில் இறங்கினார்கள். பரிசோதனை முடிந்த பிறகும் தம்மைத் தாமே பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் மருத்துவன் அல்லன். ஆகவே மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. மருத்துவர் செய்ய வேண்டிய பகுதி எங்கே முடிகிறது, நாம் செய்ய வேண்டிய பகுதி எங்கே தொடங்குகிறது என்பதையும், ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

1. முதலில் அவசரத்தைப் பிரித்து வையுங்கள்

படபடப்போடு நினைவு தப்புதல், மார்பின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி வந்து கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், உடல் குளிர்ந்து வியர்த்துக் கொட்டுதல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்குதல், உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டி இறங்காமல் நிற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் உடனே அழைக்க வேண்டும். இது பதற்றமாக இருக்குமோ என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பதற்கு அப்போது நேரமில்லை.

உடற்பயிற்சியின் நடுவில் மயங்கி விழுந்தவர்கள், குடும்பத்தில் 40 வயதுக்குள் யாரேனும் திடீரென்று இறந்திருப்பவர்கள், இதய வால்வுகளைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் சிறுவயதில் வந்தவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் அவசரமில்லாவிட்டாலும் நான்காம் படியில் சொல்லும் பரிசோதனையை இதய நோய் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். அது முடியும்வரை தங்கள் படபடப்பைப் பதற்றம் என்று அவர்கள் பெயரிடக் கூடாது.

இந்தப் படியில் நான் மீண்டும் மீண்டும் பார்த்த தவறுகள் மூன்று. மார்பு வலியைக் ‘கேஸ்’ என்று முடிவுசெய்து சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருப்பது முதலாவது; மாரடைப்பில் அரிய நேரம் இப்படி வீணாகிவிடும். யாரோ கொடுத்த சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொள்வது இரண்டாவது. அது ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைப்பதால், அதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும், தலைவலியும் கிறுகிறுப்பும் சேர்ந்துகொள்ளும். மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்புவது மூன்றாவது. அமெரிக்க இதயச் சங்கம் இந்த முறையைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறு நோட்டு, நொடிமுள் உள்ள கடிகாரம், தற்போது சாப்பிடும் மருந்துகள் அனைத்தின் பட்டியல், வீட்டில் இதைப் பற்றிப் பேசக்கூடிய ஒருவர்: இவை போதும். புதிதாக எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் ஸ்மார்ட் வாட்சையும் இந்தத் தொல்லைக்காகவே வாங்கியவர்கள், பின்னால் அவற்றிலிருந்து விடுபடத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது.

மருந்துப் பட்டியலில் எதையும் விடக் கூடாது. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை, உட்பொருள் எழுதப்படாத எடைக் குறைப்புப் பொடி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மருத்துவர் கேட்கும்போது இவற்றை மருந்து என்றே பலரும் நினைப்பதில்லை. ஆனால் துடிப்பைக் கூட்டுவதில் இவை முன்னிற்பவை.

3. இரண்டு வாரம் மட்டும் குறிப்பெடுங்கள்

சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து நாடியைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் பார்த்தால் அந்த விரலிலுள்ள நாடியே உணரப்பட்டுக் கணக்குத் தவறலாம். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், நடுவில் தப்பும் துடிப்புகளால் விடை மாறிவிடும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

படபடப்பு வரும்போது நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்படித் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, எப்படி முடிந்தது. இவற்றில் மருத்துவருக்கு மிகவும் பயன்படுவது தொடக்கமும் முடிவும்தான். பதற்றத்தால் வரும் வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். சுவிட்சைப் போட்டதுபோல் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நின்றுவிடும் சீரான வேகத் துடிப்பு, இதயத்தின் மின்பாதையில் உள்ள ஒரு குறுக்குவழியால் வரக்கூடியது. எஸ்.வி.டி. எனப்படும் அந்த நிலை பதற்றம் என்று தவறாகக் கணிக்கப்படுவது, குறிப்பாகப் பெண்களிடம், நடக்கிறது. அதற்கு நல்ல சிகிச்சை உண்டு என்பதால் அது தவறிப்போகக் கூடாது.

துடிப்பின் தாளத்தை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டப் பழகிக்கொள்ளுங்கள். ‘படபடன்னு இருக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் வேகமான துடிப்பு, விட்டுவிட்டு வரும் துடிப்பு, வேகமில்லாமல் ஓங்கி அடிக்கும் துடிப்பு, தாளமே இல்லாத துடிப்பு என்று நான்கு வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. தட்டிக் காட்டினால் மருத்துவர் பாதியைப் புரிந்துகொள்வார்.

இந்தக் குறிப்பெடுப்பு இரண்டு வாரத்தோடு முடிய வேண்டும். எட்டாம் படியில் இதையே நிறுத்தச் சொல்லப்போகிறேன். ஆகவே முடியும் தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

4. ஒருமுறை, ஒரே மருத்துவரிடம், முழுமையாகப் பரிசோதியுங்கள்

ஐந்து மருத்துவர்களிடம் ஐந்து இ.சி.ஜி. எடுத்தவரைவிட, ஒரு மருத்துவரிடம் கேள்விகள் அனைத்தையும் கேட்டு முடித்தவருக்கே மனம் அமைதியடைகிறது. ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்வார்கள். அந்தச் சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையே மனம் பிடித்துக்கொண்டு தொங்கும்.

அடிப்படையாக வேண்டியவை இ.சி.ஜி., ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, பொட்டாசியம் போன்ற உப்புகள். இதயத்தைத் தேடும்போது ரத்தத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ரத்தச்சோகையில், குறைந்த ஹீமோகுளோபினைக் கொண்டு அதே அளவு ஆக்சிஜனைக் கொடுக்க இதயம் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. இந்தியாவின் ஐந்தாம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தச்சோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றைப் பார்க்காமலே ‘மனசுதான் காரணம்’ என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். அதேபோல் மிகையாகச் சுரக்கும் தைராய்டு, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை என்று பதற்றத்தின் அத்தனை முகங்களையும் அப்படியே காட்டும்.

வழக்கமான இ.சி.ஜி. பதிவது ஏறக்குறைய 10 நொடிகளை மட்டுமே. ஒரு நாளில் 86,400 நொடிகள் இருக்கின்றன. படபடப்பு இல்லாதபோது எடுத்த இ.சி.ஜி. இதயத்தின் அமைப்பைப் பற்றி நிறையச் சொல்லும். ஆனால் படபடப்பின்போது என்ன நடக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆகவே படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய் ஒரே ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டால், அந்தத் தாள் பல கேள்விகளை மூடிவிடும். தினமும் வருகிறதென்றால், உடலில் கட்டிக்கொண்டு 24 மணிநேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்ற கருவி பயன்படும். வாரத்துக்கு ஒருமுறை வருபவர் ஒருநாள் ஹோல்டர் கட்டிக்கொண்டு அதில் ஒன்றும் பதிவாகவில்லையே என்று கலங்குவதில் பொருளில்லை. அவருக்கு நீண்ட நாள் பதியும் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். உழைக்கும்போது படபடப்பு கூடுகிறதென்றால் டிரெட்மில் பரிசோதனையும், இதயத்தின் கட்டமைப்பைப் பார்க்க எக்கோவும் தேவைப்படலாம்.

ஹோல்டர் அறிக்கையைத் தனியாக வீட்டில் பிரித்துப் படிக்காதீர்கள். நலமான இதயம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒருநாள் பதிவில் சில முந்திவரும் துடிப்புகளாவது இருக்கும். முந்திவரும் துடிப்புகளைக் குறிக்கும் ‘எக்டோபிக் 140’ என்ற எண்ணைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. அந்தக் கணக்கில் 140 எவ்வளவு சிறிது என்பதை மருத்துவர் அரை நிமிடத்தில் அவருக்கு விளக்கினார். இத்தகைய துடிப்புகள் மொத்தத்தில் 10 சதவீதத்தை நெருங்கும்போதுதான் இதயத்தின் வலிமையைக் கருதி மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துகிறார்கள்.

எழுந்து வருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். என் இதயம் நலமாக இருக்கிறதா? நான் உடற்பயிற்சி செய்யலாமா? எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்? இந்த மூன்று பதில்களின் மேல்தான் இனிவரும் படிகள் எல்லாம் நிற்கின்றன. இரண்டாம் கேள்விக்கு ‘செய்யலாம்’ என்ற பதில் கிடைக்காதவர் பத்தாம் படிக்குப் போகக் கூடாது.

5. வெளியிலிருந்து வருபவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள்

காபி, தேநீர், எனர்ஜி பானம், சிகரெட், மது, உறக்கக் குறைவு, நீர் குறைவு, சளி மாத்திரை ஆகிய எதுவும் ஒருவருக்குக் காரணமாக இருக்கலாம், இன்னொருவருக்கு இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும், இரண்டு வாரத்துக்கு விலக்கிப் பாருங்கள்.

காபியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளுக்கு நான்கு தம்ளர் கெட்டி டிகாக்‌ஷன் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் மறுநாளே தலைவலியும் எரிச்சலும் வரும். அதையும் இதயத்தின் அடையாளமாக எண்ணிப் பயப்படுவார். காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஐந்து மணிநேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொரு மணிக்கும் பாதி அளவில் உள்ளே இருக்கும். இரண்டு வாரம் விலக்கியும் மாற்றமில்லை என்றால் காலைக் காபிக்குத் தாராளமாகத் திரும்புங்கள். காரணமில்லாமல் ஒன்றை வாழ்நாள் முழுவதும் விலக்கி வைப்பதும் பயத்துக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பட்டியலை அவரிடமே காட்டுங்கள்.

6. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பரிசோதனை முடிந்த பிறகே இதைப் படிக்க வேண்டும். முன்கூட்டிப் படித்தவர்கள், இருக்கும் நோயையும் பதற்றம் என்று தாமே விளக்கிக்கொண்டுவிடும் அபாயம் உண்டு.

‘ஒரு துடிப்பு விட்டுப்போய், பிறகு ஓங்கி ஓர் அடி’ என்பது பலரையும் உலுக்கும் அனுபவம். அங்கே ஒரு துடிப்பு முறை வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அப்போது இதயம் முழுதாக நிரம்பியிருக்காததால் அந்தத் துடிப்பு வெளியே உணரப்படாமல் போகலாம். அடுத்த துடிப்புக்கு முன் சற்று நீண்ட இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத்தான் ‘நின்றுவிட்டது’ என்று உணர்கிறோம். அதற்குள் வழக்கத்தைவிட அதிக ரத்தம் சேர்ந்துவிடுவதால், அடுத்த துடிப்பு அதை வெளித்தள்ள வலுவாக அடிக்கிறது. நெஞ்சில் குதித்தது போலிருக்கும் அந்த அடி, இதயம் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கான அடையாளம்.

வேகமான துடிப்பின் கதை வேறு. மனம் ஆபத்து என்று கருதியதும் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு ஏறுகிறது, அந்த ஏற்றத்தையே அடுத்த ஆபத்தாக மனம் படிக்கிறது, மேலும் அட்ரினலின் சுரக்கிறது. கூடவே மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது, ‘நான் இங்கே இல்லை’ என்பது போன்ற உணர்வு ஆகியவை அதனால் வருகின்றன. காற்று போதவில்லை என்று தோன்றும். உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம்.

பீதியின் உச்சம் பொதுவாக 10 நிமிடங்களுக்குள் வந்துவிடும். அதன் பிறகு, புதிதாக நாம் எண்ணெய் ஊற்றாவிட்டால், அது இறங்கத்தான் செய்யும். இந்த ஒரு செய்தியை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. முடிவை முன்பே எடுத்து ஓர் அட்டையில் எழுதுங்கள்

படபடப்பின் நடுவில் ‘மருத்துவமனைக்குப் போகலாமா, வேண்டாமா’ என்று யோசிப்பதுதான் மிகுதியாக வதைப்பது. அந்த நேரத்தில் மனத்தால் நடுநிலையாக எடைபோட முடியாது. ஆகவே அமைதியாக இருக்கும் ஒரு நாளில், முதற்படியில் சொன்ன அவசர அறிகுறிகளையும், உங்கள் மருத்துவர் மூன்றாம் கேள்விக்குச் சொன்ன பதிலையும் ஒரு சிறு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அட்டையில் உள்ளது வந்தால் விவாதமின்றிப் போக வேண்டும். அதில் இல்லாதது வந்தால் 30 நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

வீட்டாரும் அதைப் படித்திருக்க வேண்டும். ‘ஒண்ணுமில்ல, சும்மா இரு’ என்று ஒருவரும், ‘ஐயோ, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்’ என்று மற்றொருவரும் சொல்லும் வீட்டில் படபடப்பு இரட்டிப்பாகும். ‘அட்டையில் இருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வியை மட்டும் அவர்கள் கேட்டால் போதும்.

8. சோதித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். பலர் கைவிடும் இடமும் இதுவே. என் ஆறு ஆண்டுகளில் குறைந்தது நான்கு ஆண்டுகள், இந்தப் படி இருப்பதே தெரியாமல் வீணாயின.

கழுத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பது, ஸ்மார்ட் வாட்சில் துடிப்பு எண்ணைப் பார்ப்பது, இடப்பக்கம் திரும்பிப் படுத்து அடிக்கிறதா என்று கவனிப்பது, ‘என் முகம் வெளுத்திருக்கா?’ என்று மனைவியிடம் கேட்பது, அறிகுறிகளைத் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பது, மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் வெளியே போகாதது, பேருந்தில் கதவருகே மட்டுமே நிற்பது, மருத்துவமனை இல்லாத வழியைத் தவிர்ப்பது: இவை அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரு நிமிட ஆறுதலைத் தரும். ஆறுதல் கிடைத்ததால், ஆபத்து உண்மையாகவே இருந்தது, நான் பார்த்ததால்தான் தப்பினேன் என்று உடல் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்லும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கவனிக்கும் எதுவும் பெரிதாகிவிடும். வாயில் ஊறும் எச்சிலை ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள், விழுங்குவதே வேலையாகிப்போகும். நாளெல்லாம் இதயத்தைக் காவல் காப்பவருக்கு, மற்றவர்களுக்குத் தெரியாமல் கடந்துபோகும் ஒவ்வொரு முந்திவரும் துடிப்பும் இடியாக விழுவது அதனால்தான்.

நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதல் மூன்று நாள் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்று மட்டும் கோடு போட்டு எண்ணுங்கள். நான் எண்ணியபோது 60ஐத் தாண்டியது. அதற்குமுன் பத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் இரவில் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். அதற்கடுத்த வாரம் கடிகாரத் திரையிலிருந்து இதயத் துடிப்பு எண்ணை நீக்குங்கள். மணிக்கட்டிலுள்ள அக்கருவி ஒளியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளப்பதால், கை அசைந்தாலோ பட்டை தளர்ந்தாலோ தவறான எண்ணைக் காட்டக்கூடும். அந்தப் பொய் எண்ணுக்காக எத்தனை பேர் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறார்கள்! அதன் பிறகு விரலால் பார்ப்பதை நாளுக்கு மூன்று, ஒன்று, பூஜ்யம் என்று குறையுங்கள். கடைசியில் வீட்டாரிடம் கேட்பதை நிறுத்துங்கள்.

முதல் வாரத்தில் பதற்றம் கூடும். எதிர்பார்க்க வேண்டியதே அது. இங்கேதான் புதியவர்கள் ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். பழகிய ஆறுதல் கிடைக்காதபோது மனம் சில நாள் முரண்டு பிடிக்கும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் தளரும்.

9. படபடப்பு வந்துவிட்ட அந்த நிமிடங்கள்

அட்டையை ஒருமுறை மனத்தில் ஓட்டுங்கள். அதில் இல்லை என்றால், செய்துகொண்டிருந்த வேலையைச் சற்று மெதுவாகத் தொடருங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் கழுவுங்கள், நடந்துகொண்டிருந்தால் நடங்கள். கட்டிலுக்கு ஓடிப் படுத்துக்கொள்வது, இது நோய் என்று உடலுக்குச் சொல்வதாகிவிடும். வாகனம் ஓட்டும்போது மட்டும் விதிவிலக்கு: ஓரமாக நிறுத்திவிட்டுப் பொறுத்திருந்து, அடங்கிய பிறகு கிளம்ப வேண்டும்.

மூச்சை மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். வெளிமூச்சை நீட்டுவதற்குக் காரணம் உண்டு: மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று ஏறுவதும், விடும்போது துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் செயலால் சற்று இறங்குவதும் நலமான இதயத்தின் இயல்பு. புதியவர்கள் ‘ஆழமாக மூச்சு விடு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மார்பு நிறைய வேகவேகமாக இழுக்கிறார்கள். அது கரியமில வாயுவை மேலும் குறைத்துக் கிறுகிறுப்பைக் கூட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையும் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தாக முடியும். துடிப்பைக் குறைக்கக் கழுத்து நாடியைத் தாமே அழுத்திப் பார்ப்பதும் கூடாது.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். துடிப்பை நிறுத்தும் கருவியாக மூச்சுப்பயிற்சியைப் பிடித்துக்கொண்டால், அதுவும் எட்டாம் படியில் சொன்ன காவல்வேலையாக மாறிவிடும். நான்கைந்து நிமிடம் செய்துவிட்டு விட்டுவிடுங்கள். படபடப்பு இருந்தால் இருக்கட்டும். அது இருக்கும்போதே அடுத்த வேலைக்குப் போக முடிகிறது என்பதுதான் உடல் கற்க வேண்டிய பாடம்.

10. துடிப்பை நீங்களே ஏற்றிப் பழகுங்கள்

உடற்பயிற்சிக்கு மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே இந்தப் படி. கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்கள் இதை மருத்துவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

படபடப்புக்குப் பயந்தவர்கள் முதலில் மாடிப்படியை விடுகிறார்கள்; பிறகு வேக நடையை; பிறகு மதிய வெயிலை. அசையாமல் இருக்க இருக்க உடலின் தாங்குதிறன் குறைந்து, சிறு உழைப்புக்கும் துடிப்பு அதிகமாக ஏறுகிறது. பயத்துக்கு அது புதிய சான்றாகிவிடுகிறது. இந்த வட்டத்தை உடைக்க, துடிப்பு ஏறுவதையும் தானாக இறங்குவதையும் ஆபத்தில்லாத முறையில் பலமுறை அனுபவிக்க வேண்டும்.

நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவதிலிருந்து தொடங்குங்கள். தொடங்குமுன் ‘என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்’ என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். முடிந்த பின் உண்மையில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். நாடியைப் பார்க்காமல் உட்கார்ந்து, அது அடங்கும்வரை காத்திருங்கள். அதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். ஒருமுறை செய்துவிட்டுத் தப்பித்தோம் என்று விடுவது பலரும் செய்யும் தவறு. மூன்றாம் முறையில்தான் பயம் இறங்குவது தெரியும். பின்னர் இரண்டு மாடிப் படிகள், அதன் பின் 20 நிமிட வேக நடை, அதன் பின் தனியாக நெரிசலான பேருந்தில் ஒரு பயணம் என்று ஏறிப் போகலாம். நடக்கும்போது பேச முடிகிறதா என்பதை மட்டும் அளவாகக் கொள்ளுங்கள். பேச முடிந்தால் வேகம் சரியானது.

முந்திவரும் துடிப்புகள் உழைக்கும்போது மறைந்துபோவது பொதுவாக நல்ல அறிகுறி. மாறாக, உழைக்க உழைக்க அவை கூடினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

11. இரவுக்குத் தனியாக

இரவில் படபடப்பு மிகுதியாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அமைதிதான். கவனத்தை இழுக்க வேறு ஒலியில்லை. இடப்பக்கம் படுத்தால் இதயம் மார்புச் சுவரை நெருங்குகிறது. காது தலையணையில் அழுந்தும்போது நாடியோசை கேட்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணிநேரம் இருக்கட்டும்.

திடுக்கிட்டு விழித்து நெஞ்சு அடித்துக்கொள்வது அடிக்கடி நடந்தால், பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உடன் படுப்பவரைக் கேளுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது இப்படி எழுப்பிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அந்த நேரத்தில் சர்க்கரை அளவை ஒருமுறை பார்க்க வேண்டும். தாழ்ந்த சர்க்கரையும் வியர்வையோடு படபடப்பைத் தரும்.

12. தனியாக முடியாதபோது

எட்டு, பத்து ஆகிய படிகளை ஒரு மாதம் உண்மையாக முயன்றும் வேலையும் வெளிநடமாட்டமும் முடங்கியே இருந்தால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எண்ணம், நடத்தை ஆகியவற்றை மாற்றும் சி.பி.டி. என்ற சிகிச்சையின் அடிப்படைகளைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன். பயிற்சி பெற்றவர் உடனிருந்தால் அதே படிகள் எளிதாகும். இந்தியாவில் டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் அழைக்கலாம். இலங்கையில் அதற்கான எண் 1926. இதயத்தைப் பற்றிப் பேசப்போய் மனநலப் பிரிவின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று கூசியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கூச்சம் எனக்கு ஓராண்டைத் தின்றது.

மருந்து எழுதினால் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். முதல் நாள்களில் படபடப்பு சற்றுக் கூடவும் கூடும் என்று முன்பே தெரிந்திருந்தால் நான்காம் நாளிலேயே கைவிட மாட்டீர்கள். புரோப்ரனோலால் போன்றவை துடிப்பைத் தணிக்கும். ஆனால் ஆஸ்துமா இருப்பதை மறைத்துவிட்டு அதை வாங்குவது ஆபத்து. அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை உடனடியாக அமைதி தருவதாலேயே எளிதில் பழக்கமாகும். பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடவும் கூடாது, நாள்பட எடுத்தவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

13. மருத்துவரிடம் மீண்டும் போக வேண்டிய நேரங்கள்

பதற்றம் உள்ளவருக்கு இதய நோய் வராது என்பதில்லை. அட்டையில் உள்ளது வந்தால், துடிப்பின் தன்மை பழையதிலிருந்து தெளிவாக மாறினால், தாளமே இல்லாத துடிப்பு தொடர்ந்தால், சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ புதிதாகக் கண்டறியப்பட்டால், கர்ப்பம் தரித்தால், முதலில் பார்த்த அதே மருத்துவரிடம் பழைய தாள்களோடு போங்கள். பழைய இ.சி.ஜி. கையில் இருந்தால் மாற்றம் உண்டா என்று உடனே ஒப்பிட முடியும். புதிய இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வேறு மாற்றம் எதுவும் இல்லையென்றால், அடுத்த பொதுப் பரிசோதனை எப்போது என்று அவரிடமே கேட்டு, அந்த நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இடையில் ‘எதற்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடலாமே’ என்று மனம் கேட்கும்போது, அதனிடம் சொல்ல ஒரு தேதி இருக்கும்.